போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்

தமிழ்நாட்டில் கள்ள ஓட்டில்லாமல், ஓட்டுக்கு நோட்டில்லாமல், ஒரு நாற்காலிகூட உடையாமல் நடக்கிற தேர்தல் ஒன்று உண்டு. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பல்கலைக்கழகங்களிலும் கலைக் கல்லூரிகளிலும் ‘மாணவர் பேரவைத் தொடக்க விழா’ என்று வழவழப்பான தாளில் அழைப்பிதழ் அடிக்கிறார்களே, அந்தப் பேரவைக்கு நடக்கிற தேர்தல்தான். வேட்பாளர் யாரென்று வாக்காளருக்குத் தெரியாது. தான்தான் வாக்காளர் என்பதும் வாக்காளருக்குத் தெரியாது. அழைப்பிதழ் அச்சகத்திலிருந்து வந்து இறங்கிய பிறகுதான் தலைவருக்கே தான் தலைவரான சேதி தெரியவரும். பதிவான வாக்கு ஒன்று, செல்லாத வாக்கு இல்லை. அந்த ஒரு வாக்கு துறைத்தலைவருடையது.

இந்தக் கூத்து கலைப்புலத்தில் நடக்கும்போதுதான் ருசி அதிகம். ஜனநாயகம் என்றால் என்ன என்று பாடம் நடத்துவது அவர்கள்தானே. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தேர்தல் நடத்திய இனம் நாம் என்று உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டிப் பத்து மதிப்பெண் கேள்வி கேட்பார்கள். பராந்தகன் காலத்துக் குடவோலையில் ஓட்டே கிடையாது, குலுக்கல்தான். நிலமும் சொந்த வீடும் வேதப் படிப்பும் இல்லாதவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது என்பதைப் பாதிப் பேர் சொல்லித்தருவதில்லை. போகட்டும். கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் நிற்கக் கூடாது என்றொரு விதி அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. ஓலையை எடுக்க ஊர் பார்க்க ஒரு சின்னப் பையனையும் நிறுத்தினார்கள். நம்முடைய பல்கலைக்கழகங்களில் குடமும் இல்லை, ஓலையும் இல்லை. பையன் மட்டும் இருக்கிறான். அவனையே தலைவராக்கிவிடுகிறார்கள்.

என் அக்கா மகள் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், அவள் இன்னும் ஒரு செமஸ்டர் முடிக்க வேண்டும். கலைப்புல மாணவர் பிரதிநிதி பொறுப்புக்கு நிற்கலாம் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. படித்ததை நம்பிவிட்டாள், வேறு குற்றம் ஒன்றும் செய்யவில்லை. புலமுதல்வர் அலுவலகத்துக்குப் போய் வேட்புமனுப் படிவம் கேட்டிருக்கிறாள்.

“எந்த எலெக்‌ஷனும்மா? வோட்டர் லிஸ்ட் வேலையெல்லாம் தாலுகா ஆபீஸ்ல.”

“அது இல்ல சார். ஸ்டூடண்ட் ரெப் எலெக்‌ஷன்.”

“அது முடிஞ்சிருச்சே.”

“எப்ப சார் முடிஞ்சுது?”

“நேத்து. உங்க ஹெச்.ஓ.டி. மேடம் பேர் எழுதிக் குடுத்துட்டாங்க.”

அவள் விடாமல் துறைத்தலைவர் அறைக்குப் போயிருக்கிறாள். மேடம் நல்லவர்தான். உட்காரச் சொல்லியிருக்கிறார், அந்தக் கட்டடத்தில் மாணவருக்கு அது பெரிய மரியாதை. “எல்லாரையும் கேட்டுத்தாம்மா போட்டோம்” என்றிருக்கிறார். எல்லாரையும் என்றால் யாரை என்று இவள் கேட்க, “எல்லா ஸ்டாஃபையும்” என்று பதில். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “உனக்கு எதுக்கு இந்த வம்பு? நெட் எக்ஸாமுக்குப் படி. வீட்டுல தெரியுமா இது?” என்று கேட்டாராம்.

வீட்டில் தெரியுமா! இருபத்தோரு வயது நிரம்பிய இந்தியக் குடிமகள் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கலாம். 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் நின்று, ஜெயித்து, ஊராட்சித் தலைவராகப் பதவியும் ஏற்றார். தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் காசோலையில் கையெழுத்துப் போடத் தகுதியுள்ள பெண்ணுக்கு வகுப்பறை மின்விசிறி ஓடவில்லை என்று சொல்லத் தகுதியில்லை. வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18 ஆக்கி அரசியல் சட்டத்தைத் திருத்தி, அது 1989லேயே நடைமுறைக்கு வந்தாயிற்று. பிரதமரைத் தீர்மானிக்கிற விரலில் மை வைப்பார்கள். அதே விரல் பல்கலைக்கழக வாசலைத் தாண்டினால் வாய்மேல் இருக்க வேண்டும்.

சரி, நியமனமான பையன் யார்? நல்ல பையன். இந்த இரண்டு சொல்லுக்குள் ஒரு முழு அரசியல் சாசனமே இருக்கிறது. கேள்வி கேட்காதவன், முதல் பெஞ்சில் உட்காருகிறவன், பேராசிரியரின் பைக் சாவியை வாங்கி வண்டியை நிழலுக்குத் தள்ளி நிறுத்துகிறவன், இன்டர்னல் மார்க்கில் நாற்பதுக்கு முப்பத்தெட்டு வாங்குகிறவன். இவனைக் குறை சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? அவனும் பாவம், முதல் தலைமுறைப் பட்டதாரி. ஊரில் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். “அக்கா, ரெப்னா என்ன வேலை செய்யணும்?” என்று இவளிடமே வந்து கேட்டிருக்கிறான்.

என்ன வேலை என்று நான் சொல்கிறேன். தேசியக் கருத்தரங்கம் என்றால் தலைமை விருந்தினரை ரயில் நிலையத்திலிருந்து கூட்டிவர வேண்டும். சந்தனக் கிண்ணம், கல்கண்டுத் தட்டு, பன்னீர்ச் செம்பு மூன்றும் விடுதிக் காப்பாளர் வீட்டில் இருக்கும், வாங்கிவந்து புளிபோட்டுத் துலக்க வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட்டைப் பென் டிரைவில் ஏற்றி, அது பாதியில் நின்றால் யார் திட்டினாலும் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். குத்துவிளக்கின் திரி காற்றில் அணையாமல் கையால் மறைக்க வேண்டும், ஆனால் புகைப்படத்தில் கை தெரியக் கூடாது. அரங்கம் காலியாக இருந்தால் முதலாமாண்டு மாணவர்களை ‘அட்டெண்டன்ஸ் உண்டு’ என்று சொல்லி ஓட்டிக்கொண்டு வந்து நிரப்ப வேண்டும். அப்புறம் பொன்னாடை. இதைப் பற்றி ஒரு முனைவர் பட்ட ஆய்வே செய்யலாம், செய்தவர் இருந்தாலும் ஆச்சரியமில்லை. மேடையில் ஒன்பது பேர் என்றால் பொன்னாடையும் ஒன்பது வேண்டும். ஆனால் துறை நிதியில் நாலுக்குத்தான் காசு இருக்கும். முதலில் போர்த்திய பொன்னாடையை விருந்தினர் மடித்து நாற்காலிக்குப் பின்னால் வைத்ததும், நம் பிரதிநிதி மேடைக்குப் பின்புறமாகக் குனிந்து போய் அதை எடுத்து, நீவி, தட்டில் வைத்து, ஐந்தாவது ஆளுக்குக் கொண்டுவர வேண்டும். இப்படி ஒரே ஜரிகைத் துணி ஒரு சிண்டிகேட் உறுப்பினரையும் ஒரு கவிஞரையும் ஒரு முன்னாள் பதிவாளரையும் ஒரே முற்பகலில் கௌரவித்ததை நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கருத்தரங்கின் தலைப்பு ‘பங்கேற்பு ஜனநாயகமும் இளைஞரும்’.

இதெல்லாம் தவிர, வகுப்பு வாட்ஸப் குழுவுக்கு அவன் அட்மின். ‘நாளை லீவு இல்லை’ என்று செய்தி போட்டு வசவு வாங்குவது, ஃபேர்வெல்லுக்கு ஆளுக்கு முந்நூறு வசூலிப்பது, ஜெராக்ஸ் எடுத்துவருவது. முந்தைய தலைமுறை ஆபீஸ்களில் இந்த வேலைக்குப் பியூன் என்று பெயர், சம்பளமும் பென்ஷனும் கொடுத்தார்கள். இப்போது மாணவர் தலைமைப் பண்பு என்கிறார்கள், சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

தேர்தல் வைக்கச் சட்டத்தில் இடமில்லையோ என்று நினைக்காதீர்கள். தாராளமாக இருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையில் ஒரு குழு போட்டு, அது 2006 மே மாதம் அறிக்கை கொடுத்து, அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அமல்படுத்தச் சொல்லிவிட்டது. மாணவர் தேர்தலைக் கல்லூரிகள் முறையாக நடத்த வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆனால் அந்த அறிக்கையைப் படித்தால் நிற்க வருகிறவன் மாணவனா ஜாமீன் கேட்டு வந்தவனா என்று சந்தேகம் வரும். 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். அரியர் இருக்கக் கூடாது. நிர்வாகிப் பதவிக்கு வாழ்நாளில் ஒரே முறைதான் நிற்கலாம், தோற்றாலும் தோற்றதுதான். அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் வரைய வேண்டும். ஒலிபெருக்கி, வாகனம், விலங்கு எதையும் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. மொத்தச் செலவு 5,000 ரூபாய்க்கு மிகக் கூடாது, முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கு கொடுக்க வேண்டும்.

சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் வரை செலவழிக்கலாம். அந்த வரம்பைக் கேட்டால் அவர்களே வாய்விட்டுச் சிரிப்பார்கள், முதல் நாள் பிரியாணிக்கே ஆகாது. அவர்களுக்கு வருகைப்பதிவு வேண்டாம். சபைக்கு வந்தால் வந்தார், வராவிட்டால் தொகுதிப் பணி. பள்ளிக்கூடம் பக்கம் போயிருக்க வேண்டும் என்றுகூட விதி இல்லை. அது சரிதான், ஜனநாயகம் படிப்பைப் பார்ப்பதில்லை. எனில் மாணவனிடம் மட்டும் அது மார்க் ஷீட்டைக் கேட்பானேன்? மனிதருள் மாணிக்கங்களாகப் பார்த்துப் பொறுக்க வேண்டிய பதவி நாட்டிலேயே கலைப்புல மாணவர் பிரதிநிதி ஒன்றுதான் போலிருக்கிறது.

இவ்வளவு கெடுபிடியான அந்த அறிக்கையைக்கூட நம்மவர்கள் நெருங்கவில்லை. பெரும்பாலான இடங்களில் கெடுபிடியோடாவது ஒரு தேர்தல் என்ற பேச்சே இல்லை. ஏன் என்று கேட்டால் ஆயத்தமாக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: “தேர்தல் வைத்தால் சாதி வந்துவிடும் சார். வெட்டு குத்து ஆகிவிடும்.”

அடேயப்பா, இத்தனை நாள் சாதி வெளியே கேட்டுக்கு அந்தப் பக்கம் காவலாளியிடம் அனுமதிச் சீட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது பாருங்கள்! விடுதி மெஸ்ஸில் யார் எந்த மேசை, ஆய்வு மாணவருக்கு எந்த நெறியாளர், வைவாவில் யாரிடம் “எந்த ஊர்? ஊர்ல எந்தப் பக்கம்?” என்று கேட்பது, எல்லாம் தேர்தல் இல்லாமலேயே ஒழுங்காக நடக்கிறது. சாதிக்குப் பல்கலைக்கழகத்தில் தேர்தல் தேவையே இல்லை. அது ஏற்கெனவே ஆட்சியில் இருக்கிறது. 2022 ஜூலையில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. வரலாறு வினாத்தாளில், தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது என்று கேட்டு நாலு சாதிப் பெயரைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பெரியார் பெயர்ப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து மாணவர்கள் அதற்கு டிக் போட வேண்டியிருந்தது. அந்தக் கேள்வியை எந்த மாணவர் தேர்தலில் ஜெயித்தவன் எழுதினான்?

சாதி வந்துவிடும் என்று பயந்து தேர்தலை நிறுத்துவது நியாயம் என்றால் தமிழ்நாட்டில் ஊராட்சியே இருந்திருக்கக் கூடாது. மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள், உடனிருந்தவர்களையும் சேர்த்து. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்காச்சியேந்தல் ஆகிய ஊர்களில் தனித்தொகுதி ஆனதிலிருந்து பத்து வருஷம் தேர்தல் நடத்த விடவில்லை. அரசு என்ன செய்தது? ஊர் ஒத்துவரவில்லை, நல்ல பையனாகப் பார்த்துக் கலெக்டரே நியமித்துவிடலாம் என்று விட்டுவிட்டதா? மறுபடி மறுபடி அறிவித்து, கெஞ்சி, மிரட்டி, கடைசியில் 2006ல் நடத்தியே காட்டியது. இந்தக் கிராமங்களில் முடிந்தது, பல்லாயிரம் பேர் பட்டம் வாங்குகிற பல்கலைக்கழகத்தில் முடியாதாம்.

கேரளத்தைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் 2018 ஜூலையில் ஒரு சுவரெழுத்துத் தகராறில் கத்திக்குத்துப்பட்டு இறந்தான் ஒரு மாணவன். வட்டவடையைச் சேர்ந்த ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பையன். அந்தக் கொலையை லேசாகத் தாண்டிப் போக என்னால் ஆகாது. ஆனால் அதற்கப்புறம் கேரளம் தேர்தலை நிறுத்திவிடவில்லை. தேர்தலை நிறுத்திய நம் ஊரிலாவது கத்தி நின்றதா?

சென்னைக்கு வாருங்கள். தேர்தல் இல்லாத கல்லூரிகளில் ‘ரூட்டு தல’ இருக்கிறான். இன்ன பேருந்துத் தடத்துக்கு இன்னார் தலை. அவனை யார் தேர்ந்தெடுத்தது, எத்தனை நாள் பதவி, எப்படி இறக்குவது, ஒரு விதியும் கிடையாது. கூரைமேல் ஏறி நிற்கிற துணிச்சலும் பையில் இருக்கிற பட்டாக்கத்தியும்தான் தகுதி. 2019 ஜூனில் பஸ் டே கொண்டாட்டத்தில் ஓட்டுநர் பிரேக் போட, கூரையிலிருந்து கொத்தாகச் சாலையில் விழுந்தார்கள். அடுத்த மாதமே அரும்பாக்கத்தில் 29ஈ பேருந்தை நிறுத்தி உள்ளே இருந்தவர்களைக் கத்தியால் வெட்டினார்கள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அடிபட்ட மாநிலக் கல்லூரி மாணவன் ஒருவன் ஐந்தாம் நாள் செத்துப்போனான். பத்தொன்பது வயது. பேச இடம் கொடுக்காத வளாகத்தில் வளர்ந்த பையன்களுக்குத் தலைமை என்றால் பேருந்துக் கூரைதான் தெரியும். அவர்களைப் பிடித்துவந்து, மன்னிப்புக் கேட்கவைத்து, திருக்குறள் எழுதவைத்துப் படம் எடுத்துப் போட்டால் கடமை முடிந்ததாகக் காவல்துறை நினைக்கிறது. கல்லூரி டி.சி. கொடுத்துக் கைகழுவிவிடுகிறது.

மாணவர் தேர்தலுக்கு இப்படிக் கதவைச் சாத்தியவர்கள் யார் என்பதுதான் வயிறெரிகிற சமாசாரம். 1965ல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வராமலிருந்தால் 1967 ஆட்சி மாற்றம் வந்திருக்குமா? 1965 ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் போலீஸ் சுட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் ராஜேந்திரன் செத்தான். இரண்டே வருஷத்தில் விருதுநகரில் காமராஜரை 1,285 ஓட்டில் தோற்கடித்த பெ. சீனிவாசன் அந்த மாணவர் போராட்டத்திலிருந்து வந்தவர். மாணவர் தோளில் ஏறிக் கோட்டைக்குப் போனவர்கள், போய் உட்கார்ந்ததும் முதலில் பயந்தது அதே தோளுக்குத்தான். 1971ல் அதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல்வருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுப்பதை மாணவர்கள் எதிர்த்தார்கள். தடியடி நடந்தது. உதயகுமார் என்ற மாணவனின் உடல் வளாகத்துக் குளத்தில் கிடந்தது. ராஜேந்திரனுக்குச் சிலை இருக்கிறது, ஜனவரி 25 மொழிப்போர் தியாகிகள் தினத்தில் எல்லாக் கட்சிக்காரரும் மாலை போடுகிறார்கள். உதயகுமாருக்கு மாலை போட யாரும் வருவதில்லை. எதிராளி சுட்டால் தியாகி. நம் ஆட்சியில் செத்தால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

அடுத்து வந்தவர்களும் இதில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. கட்சிக்குக் கட்சி மாணவர் அணி வைத்திருக்கிறார்கள். மாணவர் அணி மேடையைப் பார்த்தால் நாலு பேரில் ஒருவருக்காவது மகன் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பான். கல்லூரிக்குள் கட்சி அரசியல் கூடாது என்று இவர்களே சொல்வார்கள். மாநாட்டுக்குக் கூட்டம் குறைந்தால் கல்லூரிப் பேருந்தை இவர்களே கேட்பார்கள்.

கலைப்புலத்துக்குப் பிரதிநிதி வந்து என்ன கேட்டுவிடப் போகிறார் என்கிறீர்களா? கேட்க எவ்வளவோ கிடக்கிறது. யுஜிசி 2019லேயே கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று சொன்ன பிறகும் அரசுக் கல்லூரிகளில் 25,000தான் கொடுத்துவந்தார்கள், அதுவும் மே மாதம் கிடையாது. இந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்தான் நமக்குக் கலித்தொகையும் காலனிய வரலாறும் நடத்துகிறார். ஏன் என்று கேட்க வேண்டும். 2018 பிப்ரவரியில் கோவையில் ஒரு துணைவேந்தரே உதவிப் பேராசிரியர் வேலைக்கு 30 லட்சம் லஞ்சம் கேட்டார் என்று பிடிபட்டார். பெரும்பகுதியைக் காசோலையாக வாங்கியிருந்தாராம், எவ்வளவு வெளிப்படையான நிர்வாகம்! அந்த மாதிரி நியமனங்களின் விலைப்பட்டியலைக் கேட்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் நாற்காலி 2023 ஆகஸ்டில் காலியாகி, ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் வருஷக்கணக்கில் காலியாகவே கிடந்தது. வருமான வரித்துறை வந்து அதன் வங்கிக் கணக்கையே முடக்கியது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் வயலைத் தரிசு போட்ட மாதிரி இரண்டு தரப்பும் பல்கலைக்கழகத்தைப் போட்டுவைத்தார்கள், இரண்டு தரப்புமே மாணவர் நலனுக்காக என்றார்கள். அந்த மாணவர் யார் என்று கேட்க வேண்டும்.

2023 ஜூன் 28 பட்டமளிப்பு விழாவுக்கு ஆளுநர் வருகிறார் என்று பெரியார் பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: கறுப்பு உடை அணிந்து வரக் கூடாது. திரும்பப் படியுங்கள். பெரியார் பல்கலைக்கழகம். கறுப்பு. காவல்துறை சொன்னதால் போட்டோம் என்றார்கள், சத்தம் கிளம்பியதும் வாபஸ் வாங்கினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மாணவர் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தச் சுற்றறிக்கை தட்டச்சுக்கே போயிருக்காது. நியமனமான நல்ல பையன் என்ன செய்திருப்பான்? நகல் எடுத்து ஒட்டியிருப்பான்.

பேரவை காகிதத்தில் மட்டும் நன்றாக இருக்கிறது. நாக் குழு தரம் போட வருகிறபோது மாணவர் பேரவை இயங்குகிறதா என்று கேட்கும். உடனே கோப்பு தயாராகும். கூட்டம் நடந்ததாகத் தீர்மானம், கையெழுத்து, இடமும் நேரமும் பதிந்த புகைப்படம். அந்தக் குழுவின் லட்சணமோ, ஆந்திரத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு நல்ல தரம் போட லஞ்சம் வாங்கியதாக 2025 பிப்ரவரியில் சிபிஐ ஆய்வுக்குழுவினரையே கைதுசெய்தது. இல்லாத பேரவைக்கு எழுதிய பொய்க் கோப்பை விலைக்குப் போன குழு சரிபார்க்கும். மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கான யுஜிசியின் 2023 விதியில் மாணவருக்கும் ஓர் இடம் உண்டு: படிப்பிலோ விளையாட்டிலோ சிறந்தவராகப் பார்த்து நியமிக்க வேண்டும், அவர் ‘சிறப்பு அழைப்பாளர்’. குறை யாருடையது? மாணவருடையது. கூட்டத்துக்கு அவர் விருந்தாளி.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் யுஜிசி வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டது. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழு பற்றிய 2015 ஒழுங்குமுறை அது. புகாரில் மாணவர் சம்பந்தப்பட்டிருந்தால் குழுவில் இளநிலை, முதுநிலை, ஆய்வு மாணவர் ஒவ்வொருவர் இருக்க வேண்டும். அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். நியமனம் இல்லை, சிறப்பு அழைப்பும் இல்லை. துணைவேந்தர், பதிவாளர், புலமுதல்வர், துறைத்தலைவர் முதலியோர் அந்தக் குழுவில் உறுப்பினராகவே இருக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. காரணம் விளக்க வேண்டியதில்லை, பெண்களுக்குத் தெரியும். 2023 மார்ச் கடைசியில் கலாக்ஷேத்ராவில் மாணவிகள் பாலியல் புகார் சொல்லித் தரையில் உட்கார்ந்தபோது நிர்வாகத்துக்குத் தோன்றிய முதல் யோசனை, கல்லூரிக்கு விடுமுறை விட்டு விடுதியைக் காலி செய்யச் சொல்வது.

என் அக்கா மகள் இந்த 2015 விதியைக் கண்டுபிடித்துவிட்டாள். பிரதிநிதி ஆசையைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் தகவல் உரிமைச் சட்ட மனு எழுதினாள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினாள். கேள்வி ஒன்றுதான்: உள்புகார்க் குழுவின் மாணவ உறுப்பினர் மூவருக்கும் தேர்தல் நடந்த தேதி என்ன, ஒவ்வொருவரும் வாங்கிய வாக்கு எத்தனை?

பதில் தர முப்பது நாள் அவகாசம் உண்டு. தபால் வரவில்லை, ஒரு வாரத்துக்குள் அவள் அப்பாவுக்குப் போன் வந்தது. எங்கள் அத்தான் தென்காசியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், எட்டாவதோடு நிறுத்தியவர். அழைத்தவர் ஒரு பேராசிரியர், ரொம்பப் பணிவாகப் பேசியிருக்கிறார். நல்லாப் படிக்கிற பொண்ணு, யாரோ தூண்டிவிடுகிறார்கள், பிஹெச்.டி. சேர வேண்டியவள், நீங்கதான் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும் என்று. அத்தான் பஞ்சர் ஒட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டாராம்.

“சரிங்க சார், சொல்லுதேன். அந்தத் தேதி மட்டும் என்னன்னு சொல்லிருங்க, புள்ளைட்ட சொல்லணும்லா.”

மறுமுனையில் சிக்னல் போய்விட்டது.